நத்தை எலும்புக்குச் சாதி இல்லை, ஸ்கேன் அறை வரிசைக்கு உண்டு

“மெஷினுக்கு என்ன சார் சாதி தெரியும்?”

மருத்துவத்தில் சாதி என்று பேச்செடுத்தாலே இந்தக் கேள்வி வந்து விழுகிறது. படித்தவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். ஸ்கேன் மெஷின் கலெக்டர் பிள்ளையையும் கூலிக்காரர் பிள்ளையையும் ஒரே மாதிரிதான் படம் பிடிக்கிறது. காது கேளாத குழந்தைக்கு வைக்கும் காக்ளியர் கருவியை அரசே காப்பீட்டில் கொடுக்கிறது. வெளியே பல லட்சம் ஆகும் சிகிச்சை, அட்டை இருந்தால் இலவசம். இதில் எங்கே சார் சாதி?

நான் ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன். திருச்சுழி வட்டாரத்தில் ஒரு காலனியில் பிறந்து, அருப்புக்கோட்டையில் பள்ளி முடித்து, மதுரையில் படித்து இந்த வேலைக்கு வந்தவன். காக்ளியர் அறுவைக்கு முன்பு உள்காதைப் படமெடுக்கக் குழந்தைகளை மேசையில் படுக்க வைப்பதும் என் வேலைகளில் ஒன்று. அதனால் இந்தக் கேள்விக்குத் தொழில்காரனாகவே பதில் சொல்கிறேன். மெஷினுக்குச் சாதி தெரியாது என்பது உண்மை. அந்த மெஷினுக்கு முன்னால் எந்தக் குழந்தை எந்த வயதில் வந்து சேர்கிறது என்பதைச் சாதி முடிவு செய்கிறது என்பதும் உண்மை. முதல் உண்மையை உரக்கச் சொல்லி இரண்டாவதை அமுக்குவதுதான் இங்கே நடக்கிற மோசடி.

படம் எதற்கு?

காதுக்கு உள்ளே, மண்டை எலும்பின் ஆழத்தில், பட்டாணி அளவில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதுதான் காக்ளியா. இரண்டரைச் சுற்றுக்குச் சற்று மேல் சுருண்டிருக்கும். ஒலியை மின் துடிப்பாக மாற்றி நரம்புக்குக் கொடுக்கும் மயிரிழைச் செல்கள் இதற்குள்தான் இருக்கின்றன. பிறவியிலேயே காது கேளாத குழந்தைகள் பலருக்கு நரம்பு நன்றாக இருக்கும், இந்தச் செல்கள்தான் வேலை செய்யாது. காக்ளியர் கருவி அந்தச் செல்களைத் தாண்டி நேராக நரம்பைத் தூண்டுகிறது. மெல்லிய மின்வாய்க் கம்பி ஒன்றை அந்தச் சுருளுக்குள் அறுவை மருத்துவர் செலுத்துகிறார்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு சுருளுக்குள் கம்பியைச் செலுத்துவதற்கு முன் சில கேள்விகளுக்கு விடை வேண்டும். சுருள் முழுதாக உருவாகியிருக்கிறதா? உள்வழி திறந்திருக்கிறதா, எலும்பு வளர்ந்து அடைத்துவிட்டதா? முகத்தை அசைக்கும் நரம்பு எந்தப் பாதையில் போகிறது? கேள்வி நரம்பு இருக்கிறதா? எலும்பைப் பற்றிய கேள்விகளுக்கு சி.டி. ஸ்கேன் பதில் சொல்லும். நரம்பையும் சுருளுக்குள் இருக்கும் திரவத்தையும் எம்.ஆர்.ஐ. காட்டும்.

1791-ல் இத்தாலியின் கார்லோ மொண்டினி, காது கேளாத 8 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்த பிறகு அவன் காதை அறுத்துப் பார்த்துத்தான் சுருள் ஒன்றரைச் சுற்றோடு நின்றுபோயிருப்பதைக் கண்டுபிடித்தார். இறந்த பிறகு மட்டுமே பார்க்க முடிந்ததை இன்று உயிரோடிருக்கும் பிள்ளையிடம் ஒரு சொட்டு இரத்தம் சிந்தாமல் பார்க்கிறோம். சுருள் குறையாக இருந்தால் அதற்கேற்ற கம்பியைத் தேர்ந்தெடுக்கலாம். திறந்தவுடன் மூளைத் திரவம் பீறிடும் அபாயம் இருந்தால் முன்கூட்டியே தயாராகலாம். நரம்பே இல்லையென்றால், பயன்படாத அறுவையிலிருந்து பிள்ளையைக் காப்பாற்றலாம். இந்தத் தொழில்நுட்பத்தின் மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. என் சோறே அதுதான்.

கடிகாரம் யாருக்காக ஓடுகிறது?

மூளைக்கு ஒரு கடிகாரம் இருக்கிறது. ஒலியே வராவிட்டால், ஒலிக்கு ஒதுக்கிய இடத்தை மூளை வேறு வேலைக்குக் கொடுத்துவிடும். பிறவியிலேயே கேட்காத குழந்தைக்கு மூன்றரை வயதுக்குள் கருவி வைத்தால், மூளையின் கேட்கும் பகுதி பெரும்பாலும் வயதுக்கேற்ற வளர்ச்சியை எட்டிப் பிடிக்கிறது. 7 வயதைத் தாண்டினால் பெரும்பாலும் எட்டுவதில்லை. தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டமும் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத்தான் இந்த அறுவையைச் செய்கிறது.

2009-ல் கலைஞர் பெயரில் தொடங்கி, 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறிய இந்த ஏற்பாட்டைக் கொச்சைப்படுத்த நான் வரவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இவ்வளவு விலையுள்ள கருவியை இலவசமாக வைப்பது, பல மாநிலங்கள் எண்ணிப் பார்க்காத காலத்தில் தமிழ்நாடு செய்த வேலை. ஆனால் கருவி இலவசம் என்பதும், கருவி கிடைக்கும் வயதில் பிள்ளை அங்கே போய்ச் சேர்கிறது என்பதும் இரண்டு வேறு செய்திகள்.

பிறந்த 1 மாதத்துக்குள் கேட்கும் திறனைச் சோதித்து, 3 மாதத்துக்குள் உறுதி செய்து, 6 மாதத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது உலகம் ஏற்ற நெறி. 2013-ல் ஒன்றிய அரசு தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்திலும், மாவட்டந்தோறும் அமைய வேண்டிய ஆரம்பநிலை இடையீட்டு மையங்களிலும் இது எழுதப்பட்டிருக்கிறது. இனி எங்கள் வானம் பார்த்த பூமிக்கு வாருங்கள். அப்பா சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடப் போகிறார். அம்மா மிளகாய்ப் பழம் பறிக்கவோ நூறு நாள் வேலைக்கோ போகிறார். பிள்ளை பாட்டியிடம் வளர்கிறது. கூப்பிட்டால் திரும்பவில்லை என்பதைப் பாட்டி கவனிக்கத்தான் செய்கிறார். “அவுக அய்யாவும் லேட்டாத்தான்டா பேசுனாரு” என்று பக்கத்து வீடு தைரியம் சொல்கிறது. இரண்டு வயது போய்விடுகிறது. கோயிலுக்கு நேர்ந்துகொண்டு இன்னொரு வருடம். அதற்குப் பிறகு அருப்புக்கோட்டை, விருதுநகர், மதுரை என்று அலைச்சல்.

பெரா பரிசோதனைக்கு ஒரு நாள். காதொலிக் கருவி மாட்டிப் பழக்கிப் பார்க்கச் சில மாதம். தடுப்பூசிக்கு ஒரு நாள். சி.டி.க்கு ஒரு தேதி, எம்.ஆர்.ஐ.க்கு வேறொரு தேதி. எம்.ஆர்.ஐ.யில் பிள்ளை அரை மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும், அதற்கு மயக்க மருந்து வேண்டும், மயக்க மருந்துக்குக் காலையிலிருந்து வெறும் வயிறு வேண்டும். நரிக்குடிப் பக்கமிருந்து விடியுமுன் பேருந்தேறி, பசியில் அழும் பிள்ளையோடு வந்து சேர்ந்தால், “சளி இருக்கு, இன்னைக்கு மயக்கம் குடுக்க முடியாது, அடுத்த மாசம் வாங்க” என்று பதில். மருத்துவர் சொல்வது சரிதான், சளியோடு மயக்கம் கொடுத்தால் ஆபத்து. ஆனால் அந்த ஒரு வாக்கியம் இரண்டு பேரின் ஒரு நாள் கூலியையும் பிள்ளையின் ஒரு மாத வயதையும் தின்கிறது. காரில் வருகிறவருக்கு அது ஒரு சிறு எரிச்சல்.

“இது வறுமை தம்பி, சாதி இல்லை” என்பார்கள். ஆதிக்கச் சாதி ஏழை வீட்டுப் பிள்ளையும் தாமதமாக வருகிறது, அந்தப் பிள்ளைக்காகவும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ஆனால் அந்த வீட்டில் யாரோ ஒருவர் போன் எடுத்துப் பேசுகிறார். ஒன்றியக் கவுன்சிலர் சித்தப்பா, ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் அத்தான், கட்சிக்கார மாமா. அடுத்த மாதத் தேதி அடுத்த வாரத் தேதியாகிறது. காலனிக்காரரிடம் அந்த நம்பர் இல்லை. கையில் ஒரு மஞ்சள் பையும் மடங்கிப்போன காப்பீட்டு அட்டையும்தான் இருக்கின்றன. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், பதிவுச் சீட்டு எழுதுகிறவர் கிராமத்திலிருந்து வருகிறவர்களிடம் “எந்த ஊரு?” என்று கேட்டு முடித்து, “ஊருக்குள்ள எந்தத் தெரு?” என்றும் கேட்பார். சீட்டில் தெருவுக்குக் கட்டமே கிடையாது. எதற்காகக் கேட்கிறார் என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். “சார்” என்பது “ஏம்ப்பா” ஆவது அந்த நொடியில்தான். அடுத்த தேதியைப் பற்றி எதிர்க்கேள்வி கேட்கும் தெம்பு போவதும் அப்போதுதான்.

பின்னால் இருக்கும் எலும்பு

காக்ளியாவைப் பார்ப்பதற்காக எடுக்கும் சி.டி.யில் வேறொன்றும் விழும். காது மடலுக்குப் பின்னால் புடைத்திருக்கும் எலும்பு. அதன் உட்புறம் தேன்கூடு போல, காற்று நிறைந்த சிற்றறைகளால் ஆனது. படத்தில் அந்த அறைகள் கறுப்பாகத் தெரிய வேண்டும். சிறு வயதில் நடுக்காதில் திரும்பத் திரும்பச் சீழ் பிடித்த பிள்ளைக்கு அந்த அறைகள் வளராமலே போகும், அல்லது சலம் நிறைந்து மங்கிக் கிடக்கும். சிகிச்சை பார்க்காத சளி, சத்தில்லாத உடம்பு, அடுப்புப் புகை நிறைந்த ஒற்றை அறை வீடு, இவையெல்லாம் சேர்ந்தால் காதில் சீழ் வடிவது நிற்காது. “பிள்ளைக்குக் காது வடியத்தான செய்யும்” என்று எண்ணெய் காய்ச்சி ஊற்றுவார்கள். சீழ் இருக்கும் காதில் கருவி வைக்க முடியாது. முதலில் அதைக் குணப்படுத்த வேண்டும். மறுபடி தேதி, மறுபடி பேருந்து.

நத்தை எலும்பில் எந்தச் சாதி முத்திரையும் இல்லை. அதற்குப் பக்கத்தில் இருக்கும் எலும்பிலோ பிள்ளை வளர்ந்த தெருவின் வடிகாலும் வீட்டின் அகலமும் பதிந்திருக்கின்றன. அந்தத் தெரு ஏன் ஊரின் கடைசியில், தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் இருக்கிறது என்று படத்திடம் கேட்க முடியாது. ஊரிடம்தான் கேட்க வேண்டும்.

மூளைக்காய்ச்சல் வந்து காது போன பிள்ளைகளின் கதை இதைவிடக் கொடுமை. அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு காக்ளியாவின் உட்புறம் எலும்பாக மாறி அடைத்துக்கொள்ளத் தொடங்கும். சில வாரங்களில், சில மாதங்களில் வழி மூடிவிடலாம். தொடக்க நிலை அடைப்பு சி.டி.யில் தெரியாமல் எம்.ஆர்.ஐ.யில் மட்டும் தெரியும். அவசரமாக எடுக்க வேண்டிய படம் அது. “உயிர் பொழச்சதே பெரிசு” என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளை ஒரு வருடம் கழித்து வந்தால் படத்தில் வெள்ளையாகத் தெரிவது, நாம் கடத்திய காலம் எலும்பாகி நிற்பதுதான்.

“நார்மல்” என்றால் யார் குற்றவாளி?

பிறவியிலேயே கேட்காத குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேருக்கு ஸ்கேன் “நார்மல்” என்றே வரும். எலும்பில் குறை இல்லை, கோளாறு அதற்குள் இருக்கும் செல்களில். அறுவைக்கு இது நல்ல செய்தி. ஆனால் அந்த “நார்மல்” வீட்டுக்குப் போனதும் ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது. “படத்துல ஒண்ணும் இல்லையாம், இவ கிரகணத்துல வெளிய போயிருப்பா”, “இவ வம்சத்துல ஏதோ பாவம்”. பிள்ளைக்கு “ஊமை” என்ற பட்டம், தாய்க்கு வினைப்பயன் என்ற தீர்ப்பு. சேரியில் பிறந்தது முற்பிறவிப் பாவம் என்று சொன்ன அதே வாய்தான் காது கேட்காமல் பிறந்ததும் முற்பிறவிப் பாவம் என்கிறது. இரண்டும் ஒரே கடைச் சரக்கு.

அறிவியல் சொல்வது வேறு. பிறவிச் செவித்திறன் குறைபாட்டில் பாதிக்கு மேல் மரபணு சார்ந்தது. அதில் பெரும்பகுதி, தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே மாற்றம் வந்து சேர்ந்தால் மட்டும் வெளிப்படுவது. இருவருக்கும் நன்றாகக் காது கேட்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. இந்தியாவில் அதிகம் காணப்படுவது கனெக்சின் 26 என்ற புரதத்துக்கான மரபணு மாற்றம், அதில் ஸ்கேன் பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும். ஒரே மாற்றத்தைச் சுமக்கும் இருவர் சேரும் வாய்ப்பு எங்கே கூடுகிறது? நெருங்கிய சொந்தத்தில். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களில் சொந்தத்தில் மணந்தோர் இந்திய அளவில் 11 சதவீதம், தமிழ்நாட்டில் 28 சதவீதம். நாட்டிலேயே அதிகம் நாம்தான்.

சொந்தத்தில் முடித்தோர் பிள்ளைகளில் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டுவது எங்கள் காலனியிலும் உண்டு. யார் வீட்டுப் பிள்ளையையும் காட்டி “பார், சாதி செய்த வேலை” என்று விரல் நீட்டவும் மாட்டேன். காது கேட்காத பிள்ளை யாருடைய வாதத்துக்கும் சாட்சிப் பொருளில்லை. நான் கேட்பது முறை என்ற பெயரில் நடக்கும் ஏற்பாட்டைப் பற்றி.

சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1916-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் நிறுவினார். 2017-ல் ஐதராபாத், ஆர்வர்டு ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட மரபணு ஆய்வு, தெற்காசியாவில் தாங்கள் பார்த்த 263 குழுக்களில் 81 குழுக்கள் மிகச் சிலரான மூதாதையரிலிருந்து பெருகியவை என்று கண்டது. நோய் மரபணுக்களுக்காக உலகம் அதிகம் ஆராய்ந்த அஷ்கெனாசி யூதர்களையும் பின்லாந்து மக்களையும் விட அந்தக் குழுக்கள் குறுகியவை. “சுத்த ரத்தம்” என்று மீசை முறுக்குகிறார்களே, அந்தச் சுத்தத்துக்கு மரபியல் தரும் விளக்கம் இதுதான்.

1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் நெருங்கிய உறவுத் திருமணங்களைத் தடை செய்துவிட்டு, வழக்கம் அனுமதித்தால் செல்லும் என்று வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. வழக்கத்துக்குச் சட்டம் இவ்வளவு மரியாதை கொடுக்கிறது. சாதியைத் தாண்டிக் காதலித்த சங்கர் 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். தாய்மாமனைக் கட்டினால் சீர், அடுத்த தெருவில் கட்டினால் அரிவாள். நிலத்தையும் நகையையும் பெண்ணையும் வெளியே விடாத இந்த வேலிக்குள் நின்றுகொண்டு, பிள்ளைக்குக் காது கேட்காததற்குத் தாயைக் குற்றம் சொல்கிறவர்களை என்ன சொல்வது?

நரம்பு இல்லாத பிள்ளை

சில நேரம் எம்.ஆர்.ஐ.யில் கேள்வி நரம்பு இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். காக்ளியர் கருவியால் அங்கே பயனில்லை. மூளைத்தண்டில் நேரடியாகக் கருவி வைக்கும் அறுவை உண்டு, அது எல்லோருக்கும் எட்டாது, எல்லோருக்கும் பொருந்தாது. அப்போது பெற்றோரிடம் “ஒண்ணும் பண்ண முடியாதும்மா” என்று சொல்லி அனுப்புகிறார்கள். 6 வயதைத் தாண்டி வந்த பிள்ளைக்கும் இதே பதில்தான்.

இது பொய். சைகை மொழி இருக்கிறது. முழுமையான இலக்கணம் கொண்ட மொழி அது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதைக் கல்வியின் பகுதியாக ஏற்கிறது. கருவி வைத்த பிள்ளைக்கும் அந்த மொழி கூடுதல் பலம், ஏனென்றால் கருவியைக் கழற்றினால் அந்தப் பிள்ளைக்கு மறுபடி கேட்காது. உத்தரவாதக் காலம் முடிந்தபின் ஒயரோ வெளிக்கருவியோ பழுதானால், மாற்ற ஆகும் செலவு கரிமூட்டக் கூலியில் அடங்காது. கருவி தூங்கும் நாட்களில் பிள்ளை பேச மொழி வேண்டாமா?

மௌனத்தையே உபதேசமாக்கினார் என்று கொண்டாடப்படும் ரமணர் 1879-ல் பிறந்தது எங்கள் திருச்சுழியில்தான். பேசத் தெரிந்தவர் விரும்பி ஏற்றால் மௌனம் ஞானம். மொழியே கொடுக்காமல் ஒரு பிள்ளையின் மீது சுமத்தினால் அது கொடுமை.

கணக்கைக் காட்டுங்கள்

இத்தனை குழந்தைகளுக்குக் கருவி வைத்தோம் என்று மேடையில் எண்ணிக்கை சொல்கிறார்கள். மகிழ்ச்சி. நான் கேட்கும் கணக்கு வேறு. அந்தக் குழந்தைகள் எந்த வயதில் வந்தார்கள்? முதல் சந்தேகத்திலிருந்து ஸ்கேன் வரை எத்தனை மாதம்? எத்தனை பேர் 6 வயதைத் தாண்டியதால் திருப்பி அனுப்பப்பட்டார்கள்? மாவட்டவாரியாக, சாதிவாரியாக இந்தக் கணக்கை வெளியிடுங்கள். எல்லாம் சமம் என்றால் கணக்கே அதைச் சொல்லிவிடும். பயம் எதற்கு?

வேண்டுவது நிலாவையல்ல. அரசு மருத்துவமனையில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் வீட்டுக்குப் போகும் முன் செவிச் சோதனை, அதன் முடிவு தாய் சேய் அட்டையில். பெரா, சி.டி., எம்.ஆர்.ஐ. மூன்றும் ஒரே சேர்க்கையில், ஒரே மயக்கத்தில். 2022 ஜனவரியில் விருதுநகருக்கு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, அங்கேயே இவை அனைத்தும் குழந்தைகளுக்கு முன்னுரிமையோடு நடக்கட்டும். வரும் பெற்றோருக்குப் பேருந்துக் கட்டணமும் அன்றைய கூலியும். தாயைக் குற்றவாளி ஆக்காத மரபணு ஆலோசனை. கருவி வைத்தாலும் வைக்காவிட்டாலும் சைகை மொழி.

தோழர்களே, உங்கள் ஊர்க் காலனியில் கூப்பிட்டால் திரும்பாத ஒன்றரை வயதுப் பிள்ளை ஒன்று இருக்கலாம். கோயிலுக்கு நேர்ந்துகொண்டு காத்திருக்கும் வீடாக இருக்கலாம். போய்ப் பேசுங்கள், பெரா சோதனைக்குக் கூட்டிப் போங்கள். போன் பண்ண அவர்களுக்கு ஒரு நம்பர் இருக்கட்டும், அது உங்கள் நம்பராக இருக்கட்டும். வரிசையில் நிற்கும்போது யாராவது “எந்தத் தெரு?” என்று கேட்டால், “சீட்டில் அதற்குக் கட்டம் எங்கே இருக்கிறது?” என்று திருப்பிக் கேளுங்கள்.